ஜீப்காரரின் முழங்கை

"அந்தப் பழைய பிளாக்குல மிச்சம் ஏதாவது இருக்கா, லட்சுமி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். தீந்துபோச்சி" என்றேன்.

அதைச் சொல்லும்போது பிளாக் என் வெள்ளைக் கோட்டின் வலது பையில் இருந்தது. அதன் மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டேதான் சொன்னேன். வெளியே ஐப்பசி மழை. உள்ளே எப்போதும்போல, மெழுகைக் கரைக்கிற சைலீன் நெடி. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, குடல் கீற்றையே வெச்சு ஓட்டு" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பிளாக் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. ஒருவர் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையைப் பதப்படுத்தி மெழுகில் புதைத்து வைத்த வில்லை. பாதித் தீப்பெட்டி அளவு இருக்கும். அப்படி வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. வேண்டும்போது எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய கீற்றாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். சீவச் சீவச் சதை குறையும். என் பையில் இருந்ததில் இன்னும் இரண்டு மூன்று கீற்றுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் பொய்யே சொல்லாதவள் இல்லை. மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், ரயிலில் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த வேலூர் லேபில் சேர்ந்து தலை நரைக்கும்வரை இரண்டே பொய்தான் சொன்னேன். இரண்டும் ஒரே ஆளுக்காக.

குக்கரில் சாம்பார் வைப்பதில்லை

போன வாரம் இந்தப் பத்தியில், எங்கள் லேபில் வீட்டுச் சமையல் குக்கர் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதில் சாம்பார் வைப்பீர்களா என்று கேட்டு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. வைப்பதில்லை ஐயா. அதில் வேகிறது மனுஷ சதை ஒட்டிய கண்ணாடி. தெரிந்த பிறகு சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பக்கத்தைப் படிக்காதீர்கள்.

விஷயம் இதுதான். சில புற்றுக்கட்டிகளைச் சாதாரணச் சாயத்தில் பார்த்தால் நெருக்கியடித்த நீல உருண்டைகளாகத்தான் தெரியும். எல்லாம் ஒரே ஜாடை. தோலிலேயே பிறந்ததா, நுரையீரலில் பிறந்து தோலுக்கு வந்து சேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தோலில் பிறந்ததென்றால் வெட்டி எடுத்து, கதிர்வீச்சுக் கரன்ட் வைத்து, ஆளைக் காப்பாற்றப் பார்க்கலாம். நுரையீரலிலிருந்து வந்ததென்றால் வைத்தியமே வேறு. அது ஏற்கெனவே பரவிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் ஆன்டிபாடி வேண்டும். அது ஒரு சொட்டு மருந்து. தனக்குத் தெரிந்த புரதம் அந்தச் சதையில் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டிய இடம் மட்டும் பழுப்பாகும்படி அடுத்த மருந்தை ஊற்றுவோம். ஆனால் கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு வைத்த சதையில் புரதங்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கும். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் குக்கர்.

சாயம் சரியாக ஏறியதா என்று எப்படி நம்புவது? அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கண்ணாடியிலும் புது நோயாளியின் கீற்றுக்குக் கீழே, ஏற்கெனவே உறுதியான இன்னொரு ஆளின் கீற்றையும் ஒட்டுவோம். கன்ட்ரோல் என்று பெயர். கீழே இருக்கிறவர் பழுப்பானால்தான் மேலே இருக்கிறவரைப் பற்றிப் பேசலாம். அனேகமாகக் குடல் சதை போதும். மெர்க்கல் செல் புற்று என்ற அபூர்வமான தோல் புற்றுக்கு மட்டும் டாக்டரம்மா அதே நோய் வந்த ஆளின் கீற்றைத்தான் கேட்பார். அதில் பழுப்பு முழுசாகப் பரவாது. ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் ஒரு புள்ளியாக, பொட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்ததுபோல உட்காரும். பழைய புள்ளியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மங்கலான புதுப் புள்ளியைத் துணிந்து சொல்ல முடியும்.

எங்கள் லேபில் அந்த நோய்க்கு ஒரே ஒரு பிளாக்தான் இருந்தது. அது என் வீட்டுக்காரருடையது.

முன்சீட்டில் கிடந்த துண்டு

அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஊரும் சொன்னதில்லை. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டினார். ஜீப்காரர் என்றால் மலையில் எல்லாருக்கும் தெரியும்.

நான் வாரத்தில் ஆறு நாள் வேலூரில். சனிக்கிழமை சாயங்காலம் காட்பாடியில் ரயில் ஏறித் திருப்பத்தூரில் இறங்கினால் ஜீப் நிற்கும். உள்ளே ஆளும் மூட்டையுமாக அடைத்திருக்கும். பின்னால் இரண்டு பேர் தொங்குவார்கள். முன்சீட்டில் மட்டும் ஒரு சிவப்புத் துண்டு விரித்திருக்கும். அது எனக்கு. துண்டு போட்ட இடத்தில் உட்கார மலைக்காரர்கள் யாரும் துணிய மாட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்த முன்சீட்டில் உட்கார்ந்து ஏறுகிற இரண்டு மணி நேரம்தான் எங்கள் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் லேப் கதை சொல்வேன். அவர் கேலி செய்வார்.

"காவலூர்ல டெலஸ்கோப் வெச்சுகினு கீறவங்க மேலயே பாத்துகினு கீறாங்க. நீ கண்ணாடிக்குள்ளயே பாத்துகினு கீற. ரோட்டப் பாக்க நான் ஒர்த்தன்தான் மிச்சம்."

ஒரு சனிக்கிழமை நான் வந்து பார்த்தால் முன்சீட்டில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துண்டை அவள் தலைக்கு அண்டக் கொடுத்திருந்தார். காய்ச்சலாம். என்னைப் பின்னால் ஸ்டெப்னி டயர் மேல், இரண்டு பலாப்பழங்களுக்கு நடுவே உட்காரச் சொன்னார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலா முள் இடுப்பில் குத்தியது. அடுத்த வாரம் முழுக்க நான் போனை எடுக்கவில்லை. இப்போது நினைத்தால் அந்த ஒரு வாரத்துக்காக என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

வண்டி ஓட்டும்போது அவர் வலது முழங்கை எப்போதும் கதவுக்கு வெளியேதான் இருக்கும். முப்பது வருஷ வெயில் அந்த ஒரு கையில். இடது கை மாநிறம், வலது கை கருகிய நிறம். அந்த முழங்கைக்குச் சற்றுக் கீழேதான் கட்டி வந்தது. சிவப்பாக, நாவல்பழம் அளவு. வலி இல்லை. "கதவுல இடிச்சிகினேன்" என்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். ஒரு மாதத்தில் அது எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

பின்வரிசைப் பாட்டில்

திருப்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அதைக் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். எதற்கும் டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள் என்று ஃபார்மலின் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை, பார்சல் கொடுப்பதுபோல அதை என் மடியில் வைத்தார்.

"உங்க லேபுக்குத்தான? நீயே எடுத்துகினு பூடு."

பாட்டிலைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கொழுப்புக் கட்டி என்றால் மஞ்சளாக இருக்கும். இது வெள்ளையாக, மீன் சதைபோல இருந்தது. இந்த வேலையில் பழகிய கண். இது கொழுப்பு இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அவர் வண்டியை வளைத்துக்கொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை பாட்டிலை டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கீழ் ராக்கில் பின்வரிசையில், பழைய பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். தினமும் காலையில் வந்ததும் குனிந்து பார்ப்பேன், அங்கேயே இருக்கும். லேபில் வேலை செய்யாத பெண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கே நீட்டியிருப்பாள். எனக்கு அது கண்ணாடியில் ஏறினால் என்ன வரும் என்று தெரியும். ஏறாதவரை அவர் நன்றாக இருக்கிறார் என்று முட்டாள்தனமாக ஒரு கணக்கு.

பத்து நாள். அப்புறம் அவரே போன் செய்தார்.

"இன்னாச்சி லட்சுமி, அந்த பாட்டிலு?"

அன்று மதியம் பாட்டிலைச் சேர்த்தேன். பதிவு நோட்டில் வெட்டிய தேதி என்ற இடத்தில் முந்தின நாளை எழுதினேன். அதுதான் முதல் பொய்.

பழுப்பு ஏறாத கீற்று

நீல உருண்டைகள் வந்தன. டாக்டரம்மா ஆன்டிபாடி போடச் சொன்னார். என் கையாலேயே சீவினேன், என் கையாலேயே குக்கரில் வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் கீழே இருந்த குடல் கீற்று அழகாகப் பழுப்பாகியிருந்தது. மேலே அவருடையது வெளுத்துக் கிடந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

டாக்டரம்மா வெகு நேரம் பார்த்தார். "தோல்ல பிறந்த மாதிரி தெரியலைம்மா. நுரையீரலாத்தான் இருக்கும்போல. இப்படியே எழுதிடலாமா?"

அவருக்கு அது யார் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது. அதிக நாள் ஃபார்மலினில் கிடந்தால் முடிச்சு இறுகிவிடும், ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. புதுப் பிள்ளைகளுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். என் பத்து நாள் அவரை நுரையீரல் நோயாளியாக்கப் போகிறது.

"டாக்டர், அது பத்து நாளு ஃபார்மலின்ல கெடந்துச்சிங்க."

"நோட்ல, லேபுக்கு வந்ததுக்கு முந்தின நாள்தான் வெட்டினதுன்னு போட்டிருக்கே?"

"நான்தாங்க மாத்திப் போட்டேன். அது எங்க வூட்டுக்காரருதுங்க."

டாக்டரம்மா திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எழுந்து கையைக் கழுவினார். "இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா குக்கர்ல வை. நானும் நிக்கறேன்" என்றார். இரண்டு பேரும் குக்கருக்கு முன்னால் நின்றோம். ஒவ்வொரு விசிலுக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த முறை புள்ளி வந்தது. செல்லுக்குச் செல் ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. நுரையீரலைக் காட்டுகிற இன்னொரு ஆன்டிபாடி ஒட்டவே இல்லை. தோலில் பிறந்ததுதான். புருஷனுக்கு அபூர்வமான புற்றுநோய் என்று தெரிந்து சந்தோஷத்தில் அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுபடி வெட்டினார்கள், அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், கரன்ட் வைத்தார்கள். நான்கு வருஷம் இருந்தார். அதில் மூன்று வருஷம் ஜீப்பும் ஓட்டினார். பத்து நாளில் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டரம்மா இன்றைக்கும் சொல்கிறார். நான் தலையாட்டிக்கொள்கிறேன். நம்பினதில்லை.

மிச்ச பிளாக்கைக் கன்ட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஜீப்காரரிடம் கேட்டபோது, கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரம்மாவைக் கேட்டார்: "அப்போ நானும் இந்த லேபுல வேலைக்குச் சேந்துட்டேன். லட்சுமிக்கு நான் மேலயா, கீழயாங்க?"

கஞ்சத்தனம்

அவர் போன பிறகு அந்த பிளாக்கை நான்தான் சீவுவேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். அபூர்வ நோய் என்பதால் எப்போதாவதுதான் தேவைப்படும். அன்றைக்குக் கொஞ்சம் தலை சீவி, பொட்டு நேராக வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். சிரிக்காதீர்கள். சீவின கீற்று வெந்நீர்த் தொட்டியில் சுருக்கம் நீங்கி விரியும். அதைக் கண்ணாடியால் மெல்ல ஏந்தி எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். மனுஷன் இல்லை, சாம்பல்கூட ஆற்றில் போய்விட்டது. ஆனால் அந்த முழங்கையில் கொஞ்சம் என்னிடம் இருந்தது. அதை ஒரு மைக்ரான்கூட வீணாக்க மனசு வராது. மெழுகுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று லேபில் பேசிக்கொண்டார்கள்.

அதனால்தான் டாக்டரம்மா கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றேன். கடைசி இரண்டு மூன்று கீற்றை யாருக்கும் தருவதில்லை, ஓய்வு பெறும்போது வீட்டுக்கு எடுத்துப் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

குடல் கீற்றை வைத்து ஓட்டினேன். புது நோயாளியின் சதை ஊசிமுனை அளவு. புள்ளி வந்ததா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு மங்கல். "துணிஞ்சு சொல்ல முடியலை. மறுபடி வெட்டித்தான் பார்க்கணும். ஆளைத் திரும்ப வரச்சொல்லு" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் அந்த நோயாளி ரிசல்ட்டுக்குக் காத்து உட்கார்ந்திருந்தார். அறுபதுக்குப் பக்கம். கன்னத்தில் பிளாஸ்திரி. தோளில் துண்டு, மடியில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீ நம்ப ஜீப்புக்காரர் சம்சாரம் இல்ல? எனுக்குப் புதூர்நாடும்மா. வெள்ளையன்."

உட்காரச் சொன்னேன். சாமை விளைச்சல், மழை, பஸ் என்று பேசினோம். மறுபடி வெட்ட வேண்டும் என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"அவுரு வண்டியில எத்தினி நாளு வந்திருக்கேன். முன்சீட்டுல தெனம் ஒரு செவப்புத் துண்டு கெடக்கும்."

"சனிக்கெழமை மட்டும்தாங்க. நான் வருவேன்னு."

"இன்னாம்மா நீ? தெனமும்தான். யாருக்குப்பான்னு கேட்டா, லட்சுமிக்குன்னுவாரு. அது சனிக்கெழமைதான வரும், இன்னிக்கு பொதன்கெழமைன்னு நாங்க சிரிப்போம். இருக்கட்டும்னுவாரு. ஆனா ஒடம்பு முடியாதவங்க யாருன்னா ஏறுனா மட்டும் டக்குனு துண்ட எடுத்துருவாரு. அப்போ யாரையும் கேக்க மாட்டாரு."

ஆறு நாளும் காலியாக அந்தச் சீட்டு மலை ஏறி இறங்கியிருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணவே இல்லை, தினமும் என்னை ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

"செத்த இருங்க, வர்றேன்" என்று உள்ளே போனேன். பையிலிருந்த பிளாக்கை எடுத்தேன். ஐஸ் மேல் வைத்துக் குளிரவைத்துச் சீவுகிற இயந்திரத்தில் மாட்டினேன். மூன்று கீற்று வந்தது. நான்காவது வெறும் மெழுகு.

மறுநாள் கண்ணாடியை டாக்டரம்மா முன்னால் வைத்தேன். கீழே புள்ளி புள்ளியாக அவர். மேலே அதே இடத்தில், அதே மாதிரி, கொஞ்சம் மங்கலாக வெள்ளையன். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகமே இல்லை.

"இதுவும் தோல்ல பிறந்ததுதான். மறுபடி வெட்ட வேணாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு, கண்ணை எடுக்காமலேயே, "தீந்துபோச்சுன்னே?"

"இப்போதாங்க தீந்துச்சி."

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்து, என்னை உட்காரச் சொன்னார். நான் பார்த்து முடிக்கும்வரை யாரையும் அறைக்குள் விடவில்லை.

கண்ணாடிப் பெட்டி

வெள்ளையனுக்கு வேறெங்கும் பரவவில்லை. சென்னையில் ஆபரேஷன், கரன்ட் எல்லாம் ஏற்பாடானது. அங்கே காட்ட வேண்டும் என்பதால் கண்ணாடிகளை நோயாளி கையிலேயே கொடுத்தனுப்புவது வழக்கம். கடைசிக் கீற்றுகள் ஒட்டிய கண்ணாடிகளும் அதில் போக வேண்டும்.

வாங்கிக்கொள்ள வந்தார். பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

"ரெண்டு பொட்டு கீதே. எது எனுது?"

"மேல கீறது உங்களுதுங்க."

"கீழ?"

"அது தொணைக்கு" என்றேன்.

"தொணைக்கா? அப்போ சரி" என்று சிரித்தார். பிளாஸ்திரி போட்ட கன்னம் இழுத்தது. கண்ணாடி உடைந்துவிடப் போகிறது என்று சொன்னதும், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியைச் சுற்றி, மஞ்சள் பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

ஜீப் கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் சொல்லுகிற குரலிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளையன் வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள்.